இதயத்தைத் திருத்தும் வேளையில் மூளையையும் கண்காணியுங்கள்

இதயத்தில் துவாரத்தோடோ, பெரிய இரத்தக் குழாய்கள் இடம் மாறியோ பிறந்த குழந்தை சத்திரசிகிச்சை முடிந்து நெஞ்சில் தையல் தழும்போடு வீடு திரும்பிவிட்டால், குடும்பத்துக்கும் ஊருக்கும் அது மறுபிறவி. அந்த மகிழ்ச்சி நியாயமானது. இரண்டு தலைமுறைகளுக்கு முன்னர் இதே நோயோடு பிறந்த பிள்ளைகளில் பலர் முதலாவது பிறந்தநாளையே காணவில்லை. ஆனால், உயிர் பிழைத்ததா இல்லையா என்பதோடு நமது கணக்கும் முடிந்துவிடுகிறது. சத்திரசிகிச்சை மேசையில் கிடந்த அந்த நாலைந்து மணி நேரத்தில் குழந்தையின் மூளைக்கு ஒட்சிசன் போதிய அளவு போய்ச் சேர்ந்ததா, அடுத்த இரண்டு நாட்களில் அந்த மூளை வெளியே தெரியாத வலிப்புக்கு ஆளானதா, ஏழு வயதில் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப்போல எழுதிப் படிக்கிறதா என்ற கேள்விகள் நமது பொதுவெளியில் எழுவதில்லை. இவற்றைக் கேட்கவும் விடை காணவும் வேண்டிய காலம் வந்துவிட்டது. சிறுவர்களுக்கான இதய சத்திரசிகிச்சை நடக்கும் இலங்கையின் ஒவ்வொரு நிலையத்திலும் மூளையைக் கண்காணிப்பது சிகிச்சையின் நியமமான பகுதியாக வேண்டும். ஒரு வைத்தியரின் தனிப்பட்ட அக்கறையிலோ, அன்றைக்குக் கருவி கிடைத்ததா என்பதிலோ அது தங்கியிருக்கக் கூடாது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

இது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் பிரச்சினை அன்று. உலகெங்கும் உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 8 பேருக்குப் பிறவி இதயக் குறைபாடு இருக்கிறது. பிறப்பு வீதம் குறைந்துவரும் இந்நாளிலும் இலங்கையில் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் பிறக்கிறார்கள். அப்படியானால் ஆண்டுதோறும் 1,600க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இக்குறைபாட்டோடு பிறக்கிறார்கள் என்று கொள்ளலாம். எல்லோருக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. சில துவாரங்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். சிலவற்றைத் தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாகக் கருவி செலுத்தி அடைத்துவிடலாம். எஞ்சியவர்களுக்கு நெஞ்சைத் திறந்துதான் ஆகவேண்டும். பிலிமத்தலாவையில் பிறக்கும் ஒரு குழந்தைக்குச் சில கிலோமீற்றர் தூரத்திலேயே, பேராதனையில், போதனா வைத்தியசாலையும் சிறிமாவோ பண்டாரநாயக்க விசேட சிறுவர் வைத்தியசாலையும் இருக்கின்றன. ஆனாலும் சிக்கலான இதய சத்திரசிகிச்சை என்றதும் நாட்டின் எல்லாப் பகுதிப் பெற்றோரும் முதலில் நினைப்பது 1895இல் தொடங்கப்பட்ட பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையைத்தான். பிலிமத்தலாவைப் பெற்றோரும் கடுகண்ணாவை இறக்கத்தால் ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தூரம் பிள்ளையைக் கொண்டுபோகிறார்கள். அங்கே இதய சிகிச்சைக்கும் தீவிர சிகிச்சைக்கும் தனிக் கட்டடத் தொகுதி அமைக்க இலங்கை குழந்தை மருத்துவ நிபுணர்கள் கல்லூரி முன்னெடுத்த ‘லிட்டில் ஹார்ட்ஸ்’ திட்டத்துக்குப் பொதுமக்கள் மனமுவந்து பணம் கொடுத்தார்கள். இந்த நாடு இப்பிள்ளைகளைக் கைவிட விரும்பவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அந்த அக்கறை இதயத்தோடு நின்றுவிடாமல் தலை வரைக்கும் போகவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

இதயத்தைத் திறந்து தைப்பதற்கு அதை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் உடலுக்கு இரத்தத்தை அனுப்ப வேறொன்று வேண்டும். அந்த வேலையைச் செய்யும் இதய–நுரையீரல் இயந்திரத்தை 1953ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 18 வயதுப் பெண்ணொருவருக்குப் பயன்படுத்தி வெற்றி கண்டார். அதன் பிறகு பிறந்த சில நாட்களேயான சிசுக்களின் இதயத்தைக்கூடத் திருத்த முடிந்தது. ஆனால் 3 கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் ஓடும் இரத்தம் மொத்தமாகவே ஏறத்தாழ 250 மில்லிலீற்றர்தான். அது இயந்திரத்தின் குழாய்களுக்குள் உள்ள திரவத்தோடு கலந்து ஐதாகிறது. உடல் குளிரூட்டப்படுகிறது. பெருநாடியின் வளைவைச் செப்பனிடுவது போன்ற சில சத்திரசிகிச்சைகளில் உடல் வெப்பநிலையை 18 பாகை செல்சியஸ் அளவுக்கு இறக்கி, இரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் முழுமையாக நிறுத்தவேண்டியும் வரும். குளிர் மூளையின் தேவையைக் குறைத்து அதைக் காக்கிறது என்பது உண்மை. ஆயினும் அந்தக் காப்புக்கு எல்லை உண்டு. நுண்ணிய காற்றுக் குமிழியோ இரத்தக் கட்டியோ மூளைக்குப் போகலாம். தலையிலிருந்து இரத்தத்தை வெளியே எடுக்கும் குழாய் சற்று இடம் பிசகி அடைபடலாம். மீண்டும் சூடாக்கும்போது வேகம் கூடிவிடலாம். எந்தத் திறமையான கையிலும் நிகழக்கூடியவை இவை.

இவ்வளவு நேரமும் திரையில் ஓடிக்கொண்டிருப்பவை இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், விரலில் மாட்டிய ஒக்சிமீற்றர் காட்டும் ஒட்சிசன் அளவு, உடல் வெப்பநிலை ஆகியவை. இயந்திரம் இதயத்தின் வேலையை முழுதாக ஏற்றுக்கொண்டதும் நாடித் துடிப்பு இல்லாமல் போகிறது. நாடித் துடிப்பை நம்பியிருக்கும் விரல் ஒக்சிமீற்றரும் அப்போது பயன் தராது. எஞ்சிய அளவீடுகள் உடலின் பொது நிலையைச் சொல்லுமே தவிர, மூளையின் நிலையைச் சொல்ல மாட்டா. மலையில் குழாய்நீர் பாவிப்பவர்களுக்கு இது விளங்கும்: பிரதான தாங்கியில் அழுத்தம் சரியாக இருந்தாலும், மேட்டு வீட்டுக்குத் தண்ணீர் ஏறியதா என்பதை அந்த வீட்டுக் குழாயைத் திறந்துதான் அறியமுடியும். மூளை என்ற அந்த மேட்டு வீட்டைப் பார்ப்பதற்கு இன்று மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, நெற்றியில் ஒட்டும் ஒரு பட்டி. செங்கீழ்க் கதிரின் அண்மை அலைகள் சிசுவின் மெல்லிய மண்டையோட்டை ஊடுருவிச் செல்லக்கூடியவை. ஒட்சிசனைச் சுமந்த ஈமோகுளோபினும் அதை இழந்த ஈமோகுளோபினும் அந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதால், திரும்பி வரும் ஒளியை வைத்து மூளைத் திசுவில் எஞ்சியிருக்கும் ஒட்சிசனைக் கணிக்கலாம். இந்தத் தத்துவத்தை பிரான்ஸ் யோப்சிஸ் என்ற அறிவியலாளர் 1977இல் வெளியிட்டார். இரண்டாவது, மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி. மூன்றாவது, மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் வேகத்தையும் அதில் ஓடும் குமிழிகளையும் ஒலியலையால் அறியும் டொப்ளர் கருவி. இவற்றில் எதற்கும் கத்தியோ ஊசியோ தேவையில்லை.

இந்தக் கவனிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு மிக அழுத்தமான சான்று அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து வருகிறது. இரண்டு பெரிய நாடிகளும் இடம் மாறிப் பிறந்த 171 சிசுக்களை 1988 முதல் அங்கே ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்குக் குளிரூட்டி இரத்த ஓட்டத்தை நிறுத்திச் சத்திரசிகிச்சை செய்தார்கள். மற்றப் பிரிவினருக்குக் குறைந்த ஓட்டத்தை விடாமல் வைத்துக்கொண்டு செய்தார்கள். அதோடு விட்டுவிடாமல், ஒரு வயதிலும் நான்கு வயதிலும் எட்டு வயதிலும் பதினாறு வயதிலும் அதே பிள்ளைகளைத் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். பதினாறு வயதில் வெளிவந்த முடிவுகள் சிந்திக்க வைப்பவை. பொதுவான நுண்ணறிவில் அவர்கள் சராசரிக்கு மிகத் தாழ்ந்துவிடவில்லை. ஆனால் ஞாபகம், கவனம், இடத்தையும் உருவத்தையும் உணர்தல், ஒரு வேலையைத் திட்டமிட்டுச் செய்தல் ஆகியவற்றில் பலர் பின்தங்கியிருந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ விசேட உதவி தேவைப்பட்டிருந்தது. எந்த முறையில் சத்திரசிகிச்சை நடந்தது என்பதைவிட, சத்திரசிகிச்சைக்குப் பின் வலிப்பு ஏற்பட்டதா என்பதே பிற்காலக் குறைபாடுகளோடு அதிகம் தொடர்புபட்டிருந்தது. அந்த வலிப்புகளிற் பல கண்ணுக்குத் தெரியாமல் ஈஈஜியில் மட்டுமே தென்பட்டவை.

இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். இத்தகைய குறைபாடு இரண்டு வயதில் வெளியே தெரியாது. பிள்ளை நடக்கிறது, பேசுகிறது, விளையாடுகிறது. தரம் மூன்றிலும் நான்கிலும் பாடச் சுமை ஏறும்போதுதான் கரும்பலகையில் உள்ளதைப் பார்த்தெழுதப் பிந்துகிறது. சொன்ன மூன்று வேலையில் இரண்டை மறக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்காக வீடும் பாடசாலையும் பிள்ளையை நெருக்கும் காலத்தில் அதற்குக் கிடைக்கும் பெயர் சோம்பேறி, மந்தம் என்பதுதான். எட்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த இதய சத்திரசிகிச்சையையும் இன்றைய கணக்குக் கொப்பியையும் யாரும் தொடர்புபடுத்திப் பார்ப்பதில்லை. காரணம் தெரிந்தால் உதவலாம். தெரியாதபோது தண்டனைதான் மிஞ்சுகிறது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்த ஒரு நாடு, அந்த உயிர் எப்படி வாழ்கிறது என்று கேட்காமல் இருப்பது பாதி வேலையோடு நிறுத்துவதற்குச் சமம்.

மூளையைக் கண்காணித்தால் பலன் உண்டா என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். அமெரிக்காவின் லூயிவில் நகரில் எர்ள் ஒஸ்டின் குழுவினர் இதய சத்திரசிகிச்சைக்குள்ளான 250 சிறுவர்களிடம் மேலே சொன்ன மூன்று வழிகளையும் பயன்படுத்தி, முடிவுகளை 1997இல் வெளியிட்டார்கள். பத்தில் ஏழு பிள்ளைகளிடம் கவனிக்கத்தக்க மாற்றமொன்று பதிவாகியிருந்தது. 250 பேரில் 74 பேரிடம் மாற்றமே காணப்படவில்லை. அவர்களில் 7 வீதமானோருக்குப் பின்னர் நரம்பியல் பாதிப்புத் தெரிந்தது. 130 பேரிடம் மாற்றம் கண்டு, உடனே சிகிச்சையைத் திருத்தினார்கள். அவர்களில் பாதிக்கப்பட்டோர் ஏறத்தாழ 6 வீதம். மாற்றம் கண்டும் எதுவும் திருத்தப்படாத 46 பேரில் பாதிக்கப்பட்டவர்கள் 12 பேர், அதாவது 26 வீதம். எச்சரிக்கை வந்ததும் சிகிச்சை திருத்தப்பட்ட பிள்ளைகள், எச்சரிக்கையே வராத பிள்ளைகளின் நிலைக்குத் திரும்பினார்கள் என்று இந்த எண்கள் சொல்கின்றன. குலுக்கல் முறையில் பிள்ளைகளைப் பிரித்துச் செய்த ஆய்வு அன்று என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனால் இதில் ஒரு பாடம் தெளிவாக இருக்கிறது. கருவி யாரையும் காப்பாற்றுவதில்லை. கருவி சொன்னதைக் கேட்டு அடுத்த நிமிடமே செய்யும் காரியம்தான் காப்பாற்றுகிறது.

அந்தக் காரியங்கள் மலையைப் புரட்டும் வேலைகளும் அல்ல. மூளையின் ஒட்சிசன் அளவு, மயக்கம் கொடுக்குமுன் இருந்த நிலையிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிட்டால், முதலில் தலை திரும்பிக் கழுத்து நாளங்கள் நெருக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கலாம். குழாய் இடம் பிசகியிருந்தால் சரிசெய்யலாம். இயந்திரத்தின் ஓட்டத்தையோ இரத்த அழுத்தத்தையோ கூட்டலாம். காபனீரொட்சைட்டு மிகக் குறைந்திருந்தால் மூளையின் குழாய்கள் சுருங்கிவிடும் என்பதால் அதைச் சற்று உயர்த்தலாம். இரத்தம் அளவுக்கு மீறி ஐதாகியிருந்தால் இரத்தம் ஏற்றலாம். இந்தக் கடைசி விடயத்தில் குலுக்கல் முறைச் சான்றும் உண்டு. இரத்தத்தில் செங்குருதிக் கலங்களின் பங்கை 20 வீதத்துக்கு இறங்கவிட்ட சிசுக்களைவிட, 30 வீதத்தில் வைத்திருந்த சிசுக்கள் ஒரு வயதில் உடலியக்க வளர்ச்சியில் முன்னே இருந்தார்கள் என்று பொஸ்டன் குழுவின் மற்றொரு ஆய்வு 2003இல் காட்டியது. மேசையைச் சுற்றி எடுக்கும் சிறு சிறு முடிவுகள் ஒரு வருடத்துக்குப் பின் பிள்ளையின் கைகால்களில் தெரிகின்றன என்பதற்கு இது போதிய அத்தாட்சி.

சத்திரசிகிச்சைக் கூடத்தோடு ஆபத்து முடிந்துவிடுவதும் இல்லை. பிலடெல்பியா சிறுவர் வைத்தியசாலையில் இதய சத்திரசிகிச்சைக்குள்ளான 161 சிசுக்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொடர்ச்சியான ஈஈஜி மூலம் கவனித்தபோது, 13 பேருக்கு, அதாவது 8 வீதமானோருக்கு, வலிப்பு ஏற்பட்டது. அவர்களில் 11 பேருக்குக் கைகாலில் உதறலோ கண்ணில் சுழற்சியோ எதுவும் இருக்கவில்லை. ஈஈஜி இல்லாதிருந்தால் அந்த 11 பேரின் வலிப்பும் நடந்ததே தெரியாமல் போயிருக்கும். தசைகளைத் தளர்த்தும் மருந்திலும் தூக்க மருந்திலும் வைக்கப்பட்டிருக்கும் சிசுவைக் கண்ணால் பார்த்து ‘வலிப்பு இல்லை’ என்று எவ்வளவு அனுபவமுள்ள தாதியாலும் உறுதியாகச் சொல்லமுடியாது. அமெரிக்க நரம்பு உடலியங்கியல் சங்கம் 2011இலேயே, இயந்திர உதவியோடு இதய சத்திரசிகிச்சைக்குள்ளான சிசுக்களை ஈஈஜி கண்காணிப்புக்குரியவர்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஈஈஜி கருவி நமது பெரிய வைத்தியசாலைகளுக்குப் புதியதன்று. வலிப்பு நோயாளருக்கு நாளாந்தம் பயன்படுவதுதான். அது தீவிர சிகிச்சைக் கட்டிலருகே வரவேண்டும். முதல் 48 மணி நேரமாவது அங்கேயே நிற்கவேண்டும்.

எதிர்வாதங்களைப் பார்ப்போம். முதலாவது, சான்று போதாது என்பது. இதைச் சொல்பவர்கள் எளிதில் ஒதுக்கக்கூடியவர்கள் அல்லர். குறைமாதச் சிசுக்களிடம் நெற்றிப் பட்டியைப் பயன்படுத்தி 17 நாடுகளில் நடந்த ‘சேஃப்பூஸ்க் 3’ என்ற பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. 1,601 சிசுக்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். முதல் மூன்று நாட்கள் மூளையின் ஒட்சிசனைப் பார்த்துச் சிகிச்சை அளித்ததால் மரணமோ கடுமையான மூளைப் பாதிப்போ குறையவில்லை என்பது அதன் முடிவு. இதை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. ஆனால் அந்தச் சிசுக்கள் 28 வாரங்களுக்கு முன்னரே பிறந்தவர்கள். அவர்களுடைய நோய் வேறு, சூழல் வேறு. குழாய் அடைபடுவதோ, இரத்த ஓட்டம் திடீரென விழுவதோ, உடனே திருத்தக்கூடிய பிழையோ அங்கே பிரதான காரணம் அன்று. இதய சத்திரசிகிச்சையில் அவைதான் காரணம். இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். விரல் ஒக்சிமீற்றரைச் சோதித்து 1993இல் வெளிவந்த பேராய்வில் 20,802 நோயாளர் சேர்க்கப்பட்டார்கள். ஒட்சிசன் குறைவை அந்தக் கருவி பல மடங்கு அதிகமாகக் கண்டுபிடித்தது. ஆனால் மரணத்தையோ பெரிய சிக்கல்களையோ குறைத்ததாக நிரூபிக்க முடியவில்லை. அப்படியிருந்தும் 2008இல் உலக சுகாதார நிறுவனம் தனது பாதுகாப்பான சத்திரசிகிச்சைப் பட்டியலில் அதைச் சேர்த்தது. இன்று அதில்லாமல் ஒரு பிள்ளைக்கு மயக்கம் கொடுக்க எந்த வைத்தியர் துணிவார்? பார்க்கும் கருவியை மருந்தைச் சோதிப்பதுபோலச் சோதித்தால் விடை மங்கலாகவே வரும். ஏனெனில் பலன் பார்ப்பதில் இல்லை. பார்த்தபின் செய்வதில் இருக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம்: மூளைப் பாதிப்பு சத்திரசிகிச்சைக்கு முன்பே இருக்கிறது, மேசையில் என்ன பார்த்து என்ன பயன்? இதிலும் உண்மை உண்டு. இதயக் குறைபாட்டோடு நிறைமாதத்தில் பிறந்த 41 சிசுக்களை எம்.ஆர்.ஐ. மூலம் பரிசோதித்து 2007இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒரு பங்கினருக்குச் சத்திரசிகிச்சைக்கு முன்பே மூளையில் பாதிப்பு இருந்தது. கருவில் இருக்கும்போதே இரத்த ஓட்டம் மாறியிருப்பதால் இவர்களுடைய மூளை, நிறைமாதத்தில் பிறந்தும், சில வாரங்கள் முன்கூட்டியே பிறந்த சிசுவின் மூளைபோல முதிர்ச்சி குறைந்திருக்கிறது. பரம்பரைக் காரணங்களும் சிலருக்கு உண்டு. ஆனால் இவை கண்காணிப்புக்கு எதிரான வாதமாகா, அதற்குச் சார்பானவையே. ஏற்கெனவே நலிந்த மூளை இன்னொரு அடியைத் தாங்காது. கருவில் நடந்ததை நம்மால் மாற்ற முடியாது. சத்திரசிகிச்சை நடக்கும் சில மணி நேரமும் அதற்குப் பின்னான சில நாட்களும் மட்டுமே முழுக்க நமது கையில் இருக்கின்றன. நமது கையில் இருப்பதைச் செவ்வனே செய்வதுதான் பொறுப்பு.

மூன்றாவது, பணம். 2022 மார்ச் இறுதியில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையில் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியொரு காலத்தைக் கண்ட நாட்டில், ஒருமுறை பாவித்து எறியும் வெளிநாட்டுப் பட்டிகளுக்குச் செலவழிக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. இதற்கு விடை, எல்லோருக்கும் எல்லாம் என்று ஒரேயடியாகத் தொடங்காமல் ஆபத்து மிகுந்தவர்களிடமிருந்து தொடங்குவது. பிறந்து ஒரு மாதம் ஆகாத சிசுக்கள், பெருநாடி வளைவில் சத்திரசிகிச்சை பெறுவோர், நீண்ட நேரம் இயந்திரத்தில் இருக்க வேண்டியோர் ஆகியோருக்கு முதலில் கொடுக்கலாம். ஒவ்வொரு வைத்தியசாலையும் தனித்தனியே வாங்காமல் சுகாதார அமைச்சு மொத்தமாகக் கொள்வனவு செய்தால் விலை பேசலாம். பிராந்தியத்திலேயே தீர்வு தேடவும் இடமுண்டு. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், எம்.எஸ். வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வை உருவாக்கி 1990இல் முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்தியது. வெளிநாட்டு வால்வின் விலை எட்டாத பல்லாயிரம் பேருக்கு அது வாழ்வளித்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஒரோலாப் 1992 முதல் கண் வில்லைகளைத் தயாரித்து அவற்றின் விலையைச் சாதாரண மக்களின் எல்லைக்குள் கொண்டுவந்தது. ஒளி உமிழும் சிறு விளக்கும் ஒளியை உணரும் கண்ணும் கொண்ட ஒரு நெற்றிப் பட்டி, செயற்கை வால்வைவிடச் சிக்கலான பொருள் அன்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் மருத்துவ பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கும்போது இப்படியொரு முயற்சியைக் கனவென்று ஒதுக்கத் தேவையில்லை. செலவைக் கணக்கிடுவோர் மறுபக்கத்தையும் கணக்கிடட்டும்: படிப்பு இடைநடுவில் நின்றுபோகும் பிள்ளையின் வாழ்நாள் இழப்பு எந்த வைத்தியசாலையின் வரவுசெலவிலும் பதியப்படுவதில்லை.

நான்காவது எதிர்வாதம், ஆளும் நேரமும் இல்லை என்பது. வைத்தியர்களும் தாதியரும் நாட்டைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளின் பட்டியல் நீண்டிருக்கிறது. இன்னொரு திரையும் இன்னொரு அலாரமும் தேவைதானா என்கிறார்கள். நெற்றியில் பட்டியை ஒட்ட ஓரிரு நிமிடம் போதும். அதனால் ஒரு சத்திரசிகிச்சையும் பின்போடப்படாது. ஆனால் அலாரம் பற்றிய கவலையை அலட்சியப்படுத்த முடியாது. இந்தக் கருவி நெற்றிக்குக் கீழேயுள்ள சிறு பகுதியை மட்டுமே பார்க்கிறது. தலைத் தோலின் இரத்தமும் மஞ்சட்காமாலையும் அளவைக் குழப்பலாம். ஒரு நிறுவனத்தின் கருவி காட்டும் எண்ணும் மற்ற நிறுவனத்தின் எண்ணும் ஒத்துப்போகா. கருமையான தோலுடையோரிடம் சில கருவிகள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவதும் பதிவாகியுள்ளது. மேலைநாட்டுப் பிள்ளைகளிடம் வகுத்த எல்லையை அப்படியே நம் பிள்ளைகளின் நெற்றியில் ஒட்டக் கூடாது என்பதே இதன் பொருள். பேராதனையிலும் கொழும்பிலும் உள்ள மருத்துவ பீடங்கள் நமது பிள்ளைகளின் இயல்பான அளவுகளைத் திரட்டவேண்டும். தனியொரு எண்ணைத் துரத்தாமல், அந்தப் பிள்ளையின் தொடக்க நிலையிலிருந்து எவ்வளவு விலகியது, எவ்வளவு நேரம் விலகியிருந்தது என்பதைப் பார்க்கப் பயிற்சி அளிக்கவேண்டும். எந்த நிலையில் யார் என்ன செய்வது என்று ஒரே பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டவேண்டும். மயக்க மருந்து நிபுணரும் இயந்திரத்தை இயக்குபவரும் சத்திரசிகிச்சை நிபுணரும் அதை ஏற்றுக் கையொப்பமிடவேண்டும். கருவியை வாங்கி, இந்த ஒரு பக்கத்தை எழுதாமல் விட்டால் அந்தப் பணம் வீண்தான்.

இதையெல்லாம் செய்தாலும், பிள்ளையைத் தொடர்ந்து பார்க்காவிட்டால் செய்தது பலித்ததா என்று தெரியாது. இங்கேதான் இலங்கைக்குப் பல செல்வந்த நாடுகளுக்கே இல்லாத ஒரு பலம் இருக்கிறது. நம் நாட்டில் பிறக்கும் பிள்ளை ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். வளர்ச்சியைக் குறிக்கும் சுகாதாரப் பதிவேடு தாயின் கையில் இருக்கிறது. தோட்டங்களில் லயன் அறை வரைக்கும் அந்த வலைப்பின்னல் போகிறது. இதய சத்திரசிகிச்சை பெற்ற பிள்ளை என்பதை அந்தப் பதிவேட்டில் தெளிவாகக் குறித்துவிட்டால், உரிய வயதில் மூளை வளர்ச்சிப் பரிசோதனைக்கு அழைப்பது கடினமான காரியம் அன்று. அமெரிக்க இதய சங்கம் 2012இல் பரிந்துரைத்த வயதெல்லைகள் நமக்கும் பொருந்தக்கூடியவை: 12 முதல் 24 மாதத்தில் ஒருமுறை, 3 முதல் 5 வயதில் ஒருமுறை, 11 முதல் 12 வயதில் ஒருமுறை. தரம் ஒன்றுக்குப் போகுமுன் நடக்கும் பரிசோதனையை மட்டுமாவது கண்டிப்பாக்கினால், உதவி வேண்டிய பிள்ளை பாடசாலையின் முதல் நாளிலிருந்தே இனங்காணப்படும். டென்வர் வளர்ச்சிப் பரிசோதனை இலங்கைப் பிள்ளைகளுக்கேற்ப ஏற்கெனவே தரப்படுத்தப்பட்டிருக்கிறது. பள்ளி வயதுக்குரிய பரிசோதனைகளும் சிங்களத்திலும் தமிழிலும் தயாராகவேண்டும். தமிழ் பேசும் பிள்ளையின் ஞாபகத்தையும் சொல்வளத்தையும் வேறு மொழியில் அளந்தால் கிடைப்பது பிழையான விடை. வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பும்போது கொடுக்கும் அட்டை ஆங்கிலத்தில் இருந்தால், அதன் சாரத்தைத் தாய்க்குத் தெரிந்த மொழியில் எழுதி இணைப்பதும் சிகிச்சையின் பகுதியே.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. சுகாதார அமைச்சு, குழந்தை மருத்துவ நிபுணர்கள் கல்லூரியோடும் மயக்க மருந்து நிபுணர்களோடும் சேர்ந்து, சிறுவர் இதய சத்திரசிகிச்சைக்கான தேசிய நியமத்தில் மூளைக் கண்காணிப்பைச் சேர்க்கவேண்டும். முதற்கட்டமாகச் சிசுக்களுக்கு, சத்திரசிகிச்சையின்போது நெற்றிப் பட்டியும் அதன்பின் 48 மணி நேர ஈஈஜியும் உறுதிசெய்யப்படவேண்டும். கண்காணிப்பில் கண்டதும் அதற்குச் செய்ததும் பொதுவான ஒரு தேசியப் பதிவேட்டில் ஏறவேண்டும். சத்திரசிகிச்சை நிலையங்கள் ஆண்டுதோறும் உயிர் தப்பிய வீதத்தோடு, ஐந்து வயதில் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதையும் வெளியிடவேண்டும். பேராதனை போன்ற பிராந்திய வைத்தியசாலைகளில் பின்தொடர் கிளினிக் நடத்தப்பட்டால், மலையகத் தாய் ஒரு பரிசோதனைக்காக நாட்கூலியை இழந்து கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. ‘லிட்டில் ஹார்ட்ஸ்’ போன்ற நிதியங்களுக்கு அள்ளிக் கொடுக்கும் கொடையாளர்களும், கட்டடத்துக்குக் கொடுப்பதில் ஒரு பங்கை இந்தக் கண்காணிப்புக்கும் பின்தொடர்தலுக்கும் ஒதுக்கும்படி கேட்கலாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு இதய சத்திரசிகிச்சை நாள் குறிக்கப்பட்டால், மூளையைக் கவனிப்பதற்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று வைத்தியரிடம் பணிவாகக் கேளுங்கள். அப்படிக் கேட்பது அவருடைய திறமையைச் சந்தேகிப்பதாகாது. கருவி இல்லை என்பதற்காகச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். நோயுற்ற இதயத்தைத் திருத்தாமல் விடுவதே மூளைக்கு ஆகப் பெரிய ஆபத்து. வீடு திரும்பிய பின் கிளினிக் திகதிகளைத் தவறவிடாதீர்கள். பாடசாலையில் சேர்க்கும்போது சத்திரசிகிச்சை பற்றி வகுப்பாசிரியருக்குச் சொல்லுங்கள். பிள்ளை படிப்பில் பின்தங்கினால் அடிக்காமல், திட்டாமல், பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். வைத்தியர்களும் அதிகாரிகளும் தங்கள் பங்கைச் செய்யும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள்.